எழுத்தாளர் வீட்டுத் தாள்களை என்ன செய்வது? தில்லித் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆவண அறைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கரோல் பாக், ஆர்.கே. புரம், மயூர் விஹார் பக்கமிருந்து இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தொலைபேசி வரும். நிறைய எழுதிய ஒருவர் காலமாகியிருப்பார். பரண் முழுக்கத் தாள், கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டி, பிள்ளைகளுக்குக் குழப்பம். ஒவ்வொரு வீட்டிலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றே. ஒரே பதிலைப் பதினைந்து முறை சொன்ன பிறகு எழுதி வைப்பது என்று முடிவு செய்தேன்.

ஆவணக் காப்பகத்தில் கொடுக்கச் சொல்கிறீர்கள். காப்பகம் என்றால் நூலகம்தானே? பக்கத்து நூலகத்தில் கொடுத்துவிட்டால் ஆகாதா?

ஆகாது. நூலகத்தில் இருக்கும் புத்தகத்துக்கு வேறெங்காவது இன்னொரு படி இருக்கும். உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருப்பதற்கு இரண்டாம் படி கிடையாது. அதனால் காப்பகத்தில் எதையும் வீட்டுக்குக் கொடுத்தனுப்ப மாட்டார்கள். வாசிப்பறையில் உட்கார்ந்து, பேனாவை வெளியே வைத்துவிட்டு, பென்சிலோடு பார்க்க வேண்டும். நூலகம் பொருள்வாரியாகப் பிரிக்கும். காப்பகமோ ஒருவருடைய தாள்களை ஒருவருடையவையாகவே சேர்த்து வைக்கும்.

பக்கத்து நூலகத்தார் நல்லவர்கள்தாம். ஆனால் கையெழுத்துப் பிரதியின் முதல் பக்கத்தில் ஊதா மையில் முத்திரை குத்தி, முதுகில் எண் ஒட்டி, பீரோவில் வைத்துப் பூட்டுவார்கள். சாவி யாரிடம் என்பது அடுத்த செயலாளருக்குத் தெரியாது.

அப்பா எழுதியதெல்லாம் புத்தகமாக வந்துவிட்டது. பிறகு கையெழுத்துப் பிரதி எதற்கு?

வந்தது எப்படி வந்தது என்பது அதில்தான் இருக்கிறது. தில்லியில் இருந்து எழுதியவர்கள் கதையைத் தபாலில் சென்னைக்கு அனுப்பினார்கள். அச்சுக் கோத்த பிறகு அந்தத் தாளைப் பத்திரிகை அலுவலகம் பெரும்பாலும் வைத்துக்கொள்ளாது. வீட்டில் மிஞ்சியது கார்பன் படி. பக்கம் போதவில்லை என்று வார இதழ் கடைசிப் பத்தியை வெட்டியிருந்தால், வெட்டுப்பட்ட பத்தி இந்தக் கார்பன் படியில் மட்டும்தான் உயிரோடு இருக்கும். புத்தகம் பெரும்பாலும் வார இதழைப் பார்த்து அச்சிடப்பட்டதுதான்.

ஒரு வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் இருந்தவர், சைக்ளோஸ்டைல் செய்த சுற்றறிக்கைகளின் பின்பக்கத்தில் நாவல் எழுதியிருந்தார். நாவலில் எங்கும் தேதி இல்லை. பக்கத்தைத் திருப்பினால் பண்டிகை முன்பணம் பற்றிய சுற்றறிக்கை, கீழே தேதியோடு. அந்த அத்தியாயம் அந்தத் தேதிக்கு முன் எழுதப்பட்டிருக்க முடியாது. பதினெட்டு அத்தியாயங்களையும் திருப்பிப் பார்த்ததில், அவர் நாவலை நடுவில் தொடங்கி, முதல் அத்தியாயத்தைக் கடைசியாக எழுதினார் என்று தெரிந்தது. அவர் மனைவிக்கே அது புதுச் செய்தி. மகன் அந்தத் தாள்களை ஸ்கேன் செய்திருந்தார், எழுதிய பக்கத்தை மட்டும்.

என் மாமனார் நிறைய எழுதினார், ஆனால் பெரிய பெயர் இல்லை. அவர் தாள்களை யார் வாங்குவார்கள்?

பெயர் பெற்றவரின் தாளுக்குப் போட்டி இருக்கும் என்பது உண்மை. ஆனால் ஆராய வருகிறவர் எப்போதும் அந்த எழுத்தாளரைத் தேடியே வருவதில்லை. எழுபதுகளில் தில்லித் தமிழர்கள் என்ன படித்தார்கள், எந்த நாடகம் போட்டார்கள், சிறுபத்திரிகைக்குச் சந்தா எவ்வளவு அனுப்பினார்கள் என்று தேடுகிறவருக்கு உங்கள் மாமனாரின் கடிதக் கட்டு பெரிய பெயர்களின் தாள்களைவிட அதிகம் சொல்லும். க.நா.சு., தி. ஜானகிராமன், ஆதவன், இந்திரா பார்த்தசாரதி என்று தில்லியில் வாழ்ந்து எழுதியவர்களின் வரிசை நீளமானது. அந்தக் காலத்தில் இங்கே எழுதிய யாருடைய பெட்டியிலும் மற்றவர்களின் கையெழுத்து இருக்க வாய்ப்பு உண்டு.

எதை வைத்துக்கொள்வது, எதை எறிவது? மளிகைக் கணக்கெல்லாம் கூடவா?

முதல் சுற்றில் எதையும் எறியாதீர்கள். எதை விடுவது என்பதைக் காப்பகத்தார் முடிவு செய்யட்டும். அது அவர்கள் தொழில். குடும்பத்தார் எறிவதற்கென்று எடுத்து வைக்கும் குவியலைத்தான் நான் முதலில் பார்ப்பேன். திருத்திய மெய்ப்பு (அச்சுப் பிழை பார்க்க வரும் தாள்), பதிப்பாளரின் உரிமத்தொகைக் கணக்கு, திரும்பி வந்த கதைகளின் உறை, நிகழ்ச்சி அழைப்பிதழ், வானொலி ஒப்பந்தத் தாள் எல்லாம் பெரும்பாலும் அதில்தான் கிடக்கும். கடிதத்தை வைத்துக்கொண்டு உறையை எறிவார்கள். தேதி போடாத கடிதத்துக்கு உறையின் அஞ்சல் முத்திரைதான் தேதி.

மளிகைக் கணக்கும் வேண்டும். நாற்பது ஆண்டுகள் எழுதிய ஒருவருக்கு எழுத்தால் என்ன வந்தது, வீடு எதனால் நடந்தது என்பது அந்த டைரியில் இருக்கிறது. கடையில் வாங்கிய வார இதழ்களின் முழுத் தொகுப்பு, இரட்டைப் படிகள், வங்கியின் அச்சடித்த விளம்பரத் தாள் ஆகியவற்றைப் பிற்பாடு கழித்துவிடலாம்.

மாத முடிவில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதற்குள் தேதிவாரியாக அடுக்கிவிடட்டுமா?

தயவுசெய்து அடுக்காதீர்கள். இந்தத் தவற்றை நானே செய்திருக்கிறேன். என் சித்தப்பா வார இதழ்களில் எழுதிக்கொண்டிருந்தார். அவர் போன பிறகு, தொழில் தெரிந்த பிள்ளை என்ற மிதப்பில், எல்லாக் காகித உறைகளையும் பிரித்து ஆண்டுவாரியாக அடுக்கினேன். மூன்று நாள் வேலை. அழகாக இருந்தது. பிறகுதான் சித்தி சொன்னார்: ஒவ்வொரு உறையும் ஒரு கதைக்கானது, அந்தக் கதைக்காக வந்த கடிதம், வெட்டி வைத்த செய்தி, குறிப்பு எல்லாவற்றையும் அதில்தான் போடுவார் என்று. எந்தச் செய்தித்தாள் துண்டு எந்தக் கதைக்கு என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது.

எழுதியவர் வைத்த வரிசை, அது குப்பைபோலத் தெரிந்தாலும், ஒரு தகவல். நாள் இல்லையென்றால் இப்படிச் செய்யுங்கள். அலமாரி, மேசை, பரண் ஒவ்வொன்றையும் திறந்து, தொடாமல் கைப்பேசியில் படம் எடுங்கள். மேசையின் மேல் இழுப்பறையில் இடது பக்கம் இருந்ததை ஓர் அட்டைப் பெட்டியில் போட்டு, ‘மேசை, மேல் இழுப்பறை, இடது’ என்று பென்சிலால் எழுதுங்கள். ஒரு தட்டுக்கோ இழுப்பறைப் பகுதிக்கோ ஒரு பெட்டி. பெட்டி சிறிதாக இருக்கட்டும். தாள் கனம், தூக்குகிறவர் கீழே போடுவார். தில்லியில் பல தாள்கள் தொலைந்தது அரசுக் குடியிருப்பைக் காலி செய்த வாரத்தில்தான். லாரி வாசலில் நிற்கும், கபாடிவாலா, அதாவது பழைய பேப்பர்காரர், தராசோடு நிற்பார், மனசு இளகிவிடும். ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்ட நம் முன்னோரை இன்னும் குறை சொல்கிறோம். அவர்களாவது எடைக்குப் போடவில்லை.

பூச்சி வருகிறது. அந்துருண்டை போட்டு வைத்தால் போதாதா?

போதாது. அந்துருண்டை பூசணத்தைத் தடுக்காது. அதன் ஆவியை நாளெல்லாம் சுவாசிப்பது மனிதருக்கும் நல்லதல்ல. உங்கள் எதிரி ஈரம். காற்றில் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி அங்கேயே நின்றால் பூசணம் பிடிக்கும். தாளை அரிக்கும் இராமபாணப் பூச்சிக்கும் அதுதான் கொண்டாட்டம். காப்பகங்கள் 20 பாகை செல்சியஸ் வெப்பத்தையும் 50 விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதத்தையும் குறிவைக்கின்றன. தில்லியில் ஜூலை முதல் செப்டம்பர் வரை கவனம் வேண்டும். அதைவிட முக்கியம், மே மாதத்துக் கூலர். தண்ணீர்க் கூலர் வைத்த அறையில் தாளை வைப்பது, ஈரத் துணியைப் போர்த்தி வைப்பதற்குச் சமம்.

வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள், தரையில் வைக்காதீர்கள், குளியலறைக்கு மேலுள்ள பரணில் வைக்கவே வைக்காதீர்கள். பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டினால் உள்ளே உள்ள ஈரம் வெளியே போகாது. கரையான் மண் தெரிந்தால் அந்தப் பெட்டியை மட்டும் வேறு அறைக்கு மாற்றிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். தாள்மேல் மருந்து அடிக்க விடாதீர்கள். பூசணம் பிடித்ததை மொட்டைமாடி வெயிலில் காயப்போட வேண்டாம். நிழலில், காற்றோட்டத்தில், முகக்கவசத்தோடு.

பழுத்துப்போன தாளை லேமினேட் செய்யலாமா?

கூடாது. திரும்பப் பிரிக்க முடியாத எதையும் தாளுக்குச் செய்யக்கூடாது. செல்லோடேப்புக்கும் இதே பதில். துருப்பிடிக்கும் குண்டூசி, கிளிப், ஸ்டேப்ளர் கம்பி, உருகி ஒட்டும் ரப்பர் வளையம் ஆகியவற்றை மெதுவாக எடுத்துவிட்டு, சேர்ந்திருந்த தாள்களை ஒரு வெள்ளைத் தாளுக்குள் மடித்து வையுங்கள். செய்தித்தாள் துண்டு அருகில் உள்ள தாளையும் பழுப்பாக்கும், அதற்குத் தனியாக ஒரு மடிப்பு. இருந்த இடம் மாறக்கூடாது.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டோம். இனி தாள் எதற்கு?

சுற்றறிக்கையின் பின்பக்க நாவலை மேலே சொன்னேன். அது ஒரு காரணம். இன்னொன்று, ஸ்கேன் என்பது நீங்கள் இன்று முக்கியம் என்று நினைப்பதன் படம். மையின் அழுத்தம், ஒட்டிய துண்டுத் தாளுக்கு அடியில் இருப்பது, தாளின் நீர்க்குறி எதுவும் அதில் வராது.

கணக்கும் போட்டுப் பாருங்கள். நெருக்கி அடுக்கினால் ஒரு மீட்டர் அலமாரியில் சுமார் 10,000 தாள் பிடிக்கும். தாளுக்கு இரண்டு நிமிடம் என்றால் 333 மணி நேரம். நாளுக்கு ஐந்து மணி நேரம் உட்கார்ந்தால் 67 நாள். நிறைய எழுதியவர் வீட்டில் இருப்பது ஒரு மீட்டர் அல்ல, ஐந்தாறு. ஆகவே நொறுங்குகிற தாள், கார்பன் படி, மங்குகிற ஃபாக்ஸ் தாள் ஆகியவற்றை மட்டும் முதலில் எடுங்கள். ஓர் அங்குலத்துக்கு 400 புள்ளி, வண்ணத்தில், இரண்டு பக்கமும்.

கடைசிப் பத்து வருடம் கணினியில்தான் எழுதினார். ஃப்ளாப்பி இருக்கிறது, திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரிகிறது.

எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறிமுறை பரவுவதற்கு முன் ஆளுக்கொரு தமிழ் எழுத்துரு இருந்தது. டிஸ்கி, டாப், டாம், பாமினி என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குறிமுறை. கோப்பு கெடவில்லை, அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இல்லை, அவ்வளவுதான். மூலக் கோப்பை அப்படியே ஒரு படி எடுத்து வைத்துவிட்டு, இன்னொரு படியை யூனிகோடுக்கு மாற்றுங்கள். மூலத்தின்மேல் சேமிக்காதீர்கள், கோப்பின் தேதி மாறிவிடும். ஃப்ளாப்பியின் காந்தப் பூச்சு காலப்போக்கில் உதிரும், இதைத் தாளுக்கு முன்பே செய்ய வேண்டும். கணினியையும் உடனே விற்காதீர்கள். மின்னஞ்சல் கடவுச்சொல் யாரிடமாவது இருக்கிறதா என்று இந்த வாரமே கேளுங்கள்.

மூக்குக்கண்ணாடி, பேனா, சாய்வு நாற்காலி, கேடயங்கள்... இவற்றையும் எடுத்துக்கொள்வார்களா?

பேனாவும் கண்ணாடியும் சரி, நாற்காலி கஷ்டம். ஆவணக் காப்பகம் முதலில் தாளுக்கானது, பொருளுக்கு அருங்காட்சியகம். எதை எழுதியவர் கையாண்டாரோ அதற்கு மதிப்பு, எது அவருக்கு வழங்கப்பட்டதோ அதற்குக் குறைவு. எனவே முப்பது பித்தளைக் கேடயங்களைப் படம் எடுத்து, பொறித்திருக்கும் எழுத்தைக் குறித்துக்கொண்டு, இரண்டை மட்டும் வைத்தால் போதும். தட்டச்சுப் பொறி இருந்தால் சொல்லுங்கள். எந்த எழுத்தின் கால் தேய்ந்திருக்கிறது என்பதைக் கொண்டு, தேதியில்லாத தட்டச்சுப் பிரதிகள் அதில் அடித்தவைதானா என்று பார்க்கலாம்.

யாரிடம் கொடுப்பது? தில்லியிலா, சென்னைக்கா?

தில்லியில் தேசிய ஆவணக் காப்பகம் ஜன்பத்தில் இருக்கிறது. தனியார் தாள்களையும் ஏற்கிறது. தீன்மூர்த்தி வளாகத்தில், 2023-ல் பிரதமர்கள் அருங்காட்சியகமும் நூலகமும் என்று பெயர் மாறிய நிறுவனத்தில், ராஜாஜியின் தாள்கள் உள்ளன. சோனிபட்டில் அசோகா பல்கலைக்கழகத்தின் சமகால இந்திய ஆவணக் காப்பகம் உண்டு. பெண் எழுத்தாளர் என்றால் மும்பையின் பெண்கள் ஆவணக் காப்பகமான ‘ஸ்பாரோ’ நினைவுக்கு வர வேண்டும். எழுத்தாளர் அம்பை இன்னும் இருவரோடு சேர்ந்து 1988-ல் தொடங்கியது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த பழைய நூல்களையும் இதழ்களையும் கொண்டு 1994-ல் உருவானது.

தமிழ்த் தாள் என்றால் தமிழ் படிக்கத் தெரிந்த ஆள் அங்கே இருக்கிறாரா என்பதுதான் என் முதல் கேள்வி. தில்லியில் பாதுகாப்பு நன்றாக இருக்கலாம். ஆனால் பட்டியல் போடுகிறவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் ‘தமிழ்க் கடிதங்கள், 4 பெட்டி’ என்ற ஒரே வரியோடு பத்தாண்டு கிடக்கும். என் சாய்வு சென்னைப் பக்கம். பாதி இங்கே, பாதி அங்கே என்று மட்டும் பிரிக்காதீர்கள். எங்கே போனாலும் மூன்றைக் கேளுங்கள்: பட்டியல் எப்போது தயாராகும், யார் பார்க்கலாம், நிறுவனம் மூடினால் தாள் யாருக்குப் போகும். மூன்றாவது கேள்விக்கு முகம் சுளிப்பவர்களிடம் கொடுக்காதீர்கள்.

அவருடைய படைப்புகளை அரசு நாட்டுடைமை ஆக்கிவிட்டது. அப்படியென்றால் தாள்களும் அரசுக்குச் சொந்தமா?

இல்லை. நாட்டுடைமை என்பது பதிப்புரிமை பற்றியது; பாரதியின் படைப்புகளில் 1949-ல் தொடங்கிய வழக்கம். தமிழ்நாடு அரசு வாரிசுகளுக்கு ஒரு தொகை தருகிறது, யார் வேண்டுமானாலும் அந்த நூல்களை அச்சிடலாம். டிரங்குப் பெட்டி உங்களுடையதாகவே இருக்கிறது. தாளுக்கென்று தனியாகப் பணம் வருமா என்றால், பெரும்பாலான காப்பகங்கள் கொடையாகத்தான் பெறுகின்றன.

காப்பகத்துக்குக் கொடுத்தால் உரிமையும் போய்விடுமா?

தாள் வேறு, அதில் எழுதியிருப்பதன் உரிமை வேறு. எழுதிக் கொடுத்தால் அல்லாமல் பதிப்புரிமை கைமாறாது. 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 1990-ல் இறந்தவருக்கு 2050 முடியும்வரை. உயிரோடு இருக்கும்போது வெளிவராத படைப்பு பிறகு வெளிவந்தால், வெளிவந்ததிலிருந்து இந்த 60 கணக்கிடப்படும்.

ஒரு சிக்கல் உண்டு. வெளிவராத கையெழுத்துப் பிரதியை உயில் மூலம் ஒருவருக்குக் கொடுத்தால், உயிலில் வேறுவிதமாகச் சொல்லாதவரை பதிப்புரிமையும் அவருக்கே போகும். உயிரோடு இருக்கும் எழுத்தாளர்களே, இந்த ஒரு வரியை வக்கீலிடம் காட்டுங்கள்.

மற்றவர்கள் அப்பாவுக்கு எழுதிய கடிதங்களை நாங்கள் புத்தகமாகப் போடலாமா?

கடிதத் தாள் உங்களுடையது. வாசகத்தின் உரிமை எழுதியவருடையது, அவருக்குப் பின் அவர் வாரிசுடையது. காப்பகத்தில் கொடுக்கலாம், அச்சிட அனுமதி வேண்டும். அப்பா மற்றவர்களுக்கு எழுதியவை நேர்மாறு: உரிமை உங்களிடம், தாள் எங்கோ ஒரு பரணில். நண்பர்களின் வீடுகளுக்கு இப்போதே எழுதிக் கேளுங்கள்.

டைரியில் அத்தையைப் பற்றி மோசமாக எழுதியிருக்கிறார். அந்தப் பக்கங்களைக் கிழித்துவிடலாமா?

கிழிக்க வேண்டியதில்லை, பூட்டலாம். கொடைப் பத்திரத்தில் ‘இந்த மூன்று டைரிகளை இன்ன ஆண்டுவரை யாரும் பார்க்கக்கூடாது’ என்று எழுதினால் காப்பகம் முத்திரையிட்டு வைக்கும். உயிரோடு இருப்பவர்களின் ஆயுளைக் கணக்கிட்டு ஆண்டு குறியுங்கள். 25, 30 சாதாரணம். ‘என்றென்றும்’ என்று எழுதினால் ஏற்க மாட்டார்கள். கிழித்த டைரியில் இன்னொரு தொல்லையும் உண்டு: படிப்பவர், இருந்ததைவிட மோசமாகக் கற்பனை செய்துகொள்வார்.

அலுவலகக் கோப்புகள் சில வீட்டில் இருக்கின்றன. அவற்றையும் சேர்த்துக் கொடுக்கலாமா?

பின்பக்கம் எழுதப் பயன்பட்ட உதிரிச் சுற்றறிக்கை வேறு, எண்ணிட்ட கோப்பு வேறு. மத்திய அரசின் கோப்பு 1993ஆம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டத்துக்கு உட்பட்டது. அது அவர் சொத்தும் அல்ல, உங்கள் சொத்தும் அல்ல. எரிக்காதீர்கள், தேசிய ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் அண்ணன், அங்குள்ள பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கலாம் என்கிறார்.

கவிஞரும் மொழிபெயர்ப்பாளருமான ஏ.கே. ராமானுஜனின் தாள்கள் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன; அவர் அங்கேயே பணியாற்றியவர், பொருத்தம். தில்லியில் வாழ்ந்தவரின் தாளைப் பார்க்க, காரைக்குடி மாணவிக்கு விசா வேண்டும் என்பது எனக்குப் பிடிக்கவில்லை. சட்டமும் குறுக்கே வரலாம்: 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, இலக்கிய அல்லது வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் பிரதிக்கு 75 ஆண்டு ஆகிவிட்டால் அது தொல்பொருள், தனியார் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. 1940களில் எழுதிய நோட்டு இருந்தால் அண்ணனின் பெட்டிக்குள் அது போகக்கூடாது. எங்கே கொடுப்பதானாலும் எல்லா வாரிசுகளும் கையெழுத்திட வேண்டும். இது முன்னாலேயே முடியட்டும்.

எல்லாம் சரி. அம்மா அந்த அலமாரியைத் திறக்கவே விட மாட்டேன் என்கிறார்.

அப்படியானால் திறக்காதீர்கள். வெளிச்சுவரை ஒட்டியிருந்தால் அலமாரியை மட்டும் ஒரு சாண் நகர்த்திவிட்டு வாருங்கள்.

ஒரு வீட்டில் எட்டு மாதம் காத்திருந்தோம். பிறகு ஒரு நாள் அந்த அம்மாள் தாமே சாவியைக் கொண்டுவந்து, நாற்காலியை அலமாரிக்கு எதிரே போடச் சொன்னார். மகள் ஒவ்வொரு கடிதமாக எடுத்துக் கொடுத்தாள். நான் பட்டியல் எழுதினேன். ‘நா.’ என்று மட்டும் கையெழுத்திட்ட பதினோரு இன்லேண்டு கடிதங்கள் வந்தன. எந்த நா. என்று யாருக்கும் தெரியவில்லை. அம்மாள் ஒன்றை வாங்கி, கண்ணாடி போடாமலே தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இது நாகராஜன் இல்லை, நாராயணன். நாகராஜன் சுழியை இப்படிப் போட மாட்டான்.”